எண்ணெய் இல்லாத தவக்காலம்

விவேக் நகரில் சர்ச்சுக்குப் போகிற தெருவில் பஜ்ஜி போடுகிறேன். தள்ளுவண்டி, கேஸ் அடுப்பு, ஒரு பெரிய வாணலி. அவ்வளவுதான் கடை. நடைபாதைக்குப் பட்டா கிடையாது. தினமும் நின்றால் நம் இடம். நாலு நாள் வராவிட்டால் அங்கே இன்னொருவர் வண்டி நிற்கும்.

அந்த வருடம் தவக்காலம் தொடங்குகிற நேரத்தில் எங்கேயோ போர் என்று டிவியில் சொன்னார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு, எனக்கு வியாபாரக் காலம். சர்ச்சுக்கு வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை கறி தொட மாட்டார்கள். சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து பசியோடு வருவார்கள். மிளகாய் பஜ்ஜியும் போண்டாவும் தட்டில் தங்காது.

எண்ணெய் வாங்கப் போனேன். கடைக்காரர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். கேட்பதற்கு முன்பே டின்னை எடுத்து வைக்கிறவர் அன்று எழுந்திருக்கவே இல்லை. போரினால் சூரியகாந்தி எண்ணெய் டின் வரவில்லை, பாக்கெட்தான், அதுவும் ஆளுக்கு இரண்டு என்றார். விலை கேட்டேன். சொன்னார். இன்னொரு தடவை கேட்டேன். அதையே சொன்னார்.

போருக்கும் எண்ணெய்க்கும் என்ன என்றேன். ராய்ச்சூர் பக்கம் பஸ்ஸில் போனபோது வழியெல்லாம் மஞ்சள் மஞ்சளாகச் சூரியகாந்திப் பூ பார்த்திருக்கிறேன். அங்கிருந்துதான் வருகிறது என்று நினைத்திருந்தேன்.

"நம்ம ஊர்ப் பூ நம்ம ஊருக்கே பத்தாதும்மா. கப்பல்ல வரணும். கப்பல் அங்கயே நிக்குது," என்று டிவியைக் காட்டினார்.

இடிந்த வீடு தெரிந்தது. அதன் முன்னால் ஒருத்தி கையில் பாத்திரத்தோடு வரிசையில் நின்றாள். என் வயதுதான் இருக்கும். எனக்கு எண்ணெய் இல்லை. அவளுக்கு அடுப்பே இல்லை. இரண்டு பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு மாதம் கடையை மூடு, அபார்ட்மெண்டில் வீட்டு வேலை பார் என்றார். அக்கறையில்தான் சொன்னார்.

"மூடினா திறக்க இடம் இருக்காது," என்றேன்.

அவருக்கும் தெரியும்.

என் வண்டிக்குப் பக்கத்தில் கரும்பு ஜூஸ் வண்டி. கிருஷ்ணகிரிக்காரர். கெட்டவர் இல்லை. ஆனால் என் இடத்தில் மரநிழல், அவர் நிற்பது வெயிலில்.

"கடையை எடுக்கிறதா இருந்தா மொதல்ல என்கிட்ட சொல்லுங்கக்கா," என்றார்.

"எடுத்தா சொல்றேன்."

மறுநாள் அவர் வண்டி ஒரு முழம் என் பக்கம் வந்திருந்தது.

மிச்சம் பிடிப்பதாக நினைத்து வாணலியில் பாதி எண்ணெய் ஊற்றினேன். போண்டா மிதக்கவில்லை. அடியில் உட்கார்ந்துகொண்டது. மாவு விழுந்ததும் சூடு இறங்கியது. சூடு இறங்கினால் மாவு எண்ணெயைக் குடிக்கும். மேலே கருகல், உள்ளே பச்சை மாவு, தின்றவர் கையெல்லாம் எண்ணெய். மிச்சம் பிடிக்கப்போய் கூடுதலாகச் செலவானது. வாங்கியவர்கள் பாதியை வைத்துவிட்டுப் போனார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பாமாயில் போடலாம் என்றால் அதன் விலையும் கூடவே ஏறியிருந்தது.

அன்று வாணலியைக் கழுவிக் கவிழ்த்தேன். காலையில் வீட்டு இட்லிப் பானையை வண்டியில் ஏற்றினேன். அரிசி மாவில் காரக் கொழுக்கட்டை. தாளிக்க ஒரு கரண்டி எண்ணெய் போதும். கூடவே சுண்டல்.

ஜூஸ்காரர் பானையைப் பார்த்தார்.

"என்னக்கா, சர்ச் தெருவுல பிள்ளையார் சதுர்த்தியா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு கொழுக்கட்டையைத் தட்டில் வைத்து அவரிடம் கொடுத்தேன். தின்றார். வண்டியை மட்டும் பின்னால் எடுக்கவில்லை.

முதல் வெள்ளி பாதி மிஞ்சியது. பஜ்ஜி இல்லையா என்று கேட்டுத் திரும்பிப் போனார்கள். மிஞ்சியதை வீட்டில் தின்றோம். அடுத்த நாளும் போட்டேன். விற்றாலும் விற்காவிட்டாலும் வண்டி அங்கே நிற்க வேண்டும், பானையில் ஆவி வர வேண்டும். காய்ச்சல் வந்த அன்றும் நின்றேன். தேங்காயைக் கொஞ்சம் கூட்டினேன். எண்ணெய்ப் பலகாரம் ஆகாது என்று டாக்டர் சொன்ன ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இத்தனை வருடம் என் வண்டியைத் தாண்டிப் போனவர்கள்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்று பானை சீக்கிரமே காலியானது. நிமிர்ந்தால், ஜூஸ்காரர் குனிந்து சக்கரத்துக்குக் கொடுத்திருந்த கல்லை எடுத்துக்கொண்டிருந்தார். வண்டியைப் பழைய இடத்துக்குத் தள்ளினார். நான் கேட்கவில்லை. மறுநாள் வெயிலில் அவரிடம் ஜூஸ் வாங்கியவர்கள் என் நிழலில் நின்று குடித்தார்கள். இருக்கட்டும் என்று விட்டேன்.

மழைக்காலத்துக்குப் பிறகு டின் திரும்ப வந்தது. பழைய விலை வரவில்லை. இப்போது பஜ்ஜியும் போடுகிறேன், வாணலி நிறைய எண்ணெய் ஊற்றித்தான். பக்கத்தில் இட்லிப் பானையும் இருக்கிறது.

எங்காவது குண்டு விழுந்தது என்று டிவியில் சொன்னால் இப்போது நின்று கேட்கிறேன். அந்த ஊரிலிருந்து நமக்கு என்ன வருகிறது என்று கடைக்காரரிடம் விசாரிக்கிறேன். அவர் சொல்வார். பாத்திரத்தோடு நின்றவள் என்ன ஆனாள் என்பது அவருக்கும் தெரியாது.

காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் என் இடத்தில் நிறுத்துகிறேன்.