ஏரிக்கரையில் லட்டு குரைக்கிறான்

டெக்சஸில் ஏதோ ஓர் ஏரிக்கரையில், வீட்டு வண்டிகளை நிறுத்தித் தங்கும் ஆர்வி பார்க். நாங்கள் குடியிருக்கும் ரவுண்ட் ராக்கிலிருந்து வாடகை வண்டியில் வந்து இறங்கியதிலிருந்து எங்கள் எட்டு மாத நாய்க்குட்டி லட்டு குரைத்துக்கொண்டே இருக்கிறான். பார்க் ஆபீஸிலிருந்து ஒருமுறை வந்து எச்சரித்துவிட்டார்கள். இன்னொரு முறை என்றால் இடத்தைக் காலி பண்ண வேண்டியதுதான். பந்தைப் போடுகிறேன், பிஸ்கட் தருகிறேன், அதட்டுகிறேன். தின்றுவிட்டு மறுபடி குரைக்கிறான். என் கணவர் சரவணன் மடக்கு மேஜையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லேப்டாப்பில் மூழ்கியிருக்கிறார்.

பக்கத்து வண்டியிலிருந்து தொப்பி போட்ட டெக்சஸ்காரி ஒருத்தி காபிக் கோப்பையோடு வருகிறாள். சண்டைக்குத்தான் என்று நினைத்து நானே முந்திக்கொண்டு சாரி சொல்கிறேன்.

அவள் ஆங்கிலத்தை இழுத்து இழுத்துப் பேசுகிறாள். "நீங்க திட்டினாலும் அவனுக்குக் கொண்டாட்டம்தான். நீங்க அவனைப் பார்க்கணும், அவ்வளவுதான் அவனுக்கு வேணும். பேசாம முதுகைக் காட்டி நில்லுங்க."

"அது போதுமா?"

"அடங்கின உடனே திரும்பிக் கொஞ்சணும். அதை மட்டும் மறந்துடாதீங்க."

ஏரியைப் பார்த்து நிற்கிறேன். கை பரபரக்கிறது. குரைப்பு உச்சத்துக்குப் போகிறது. பிறகு விட்டு விட்டு வருகிறது. பிறகு இல்லை. சட்டென்று திரும்பி, "என் தங்கமே!" என்று கட்டிக்கொள்கிறேன். லட்டு வாலால் மண்ணைப் பெருக்குகிறான்.

நிமிர்ந்து மேஜைப் பக்கம் பார்க்கிறேன். காலையில் ஏரியைக் காட்ட சரவணனை நாலு தடவை கூப்பிட்டேன். அப்புறம் நானும் அடங்கிவிட்டேன்.

அவர் இன்னும் திரும்பவில்லை.