பால் சேர்த்து வைத்த தையல்காரி

தையல்காரி என் சித்தப்பா மகள், எனக்குத் தங்கை. பக்கத்து மிஷினில் துணி வேகமாக ஓடினாலே முகம் சுண்டிப்போகிற சுபாவம். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது, அவள் குடியிருந்த கட்டடத்திலேயே கீழ்வீட்டில் அவள் புருஷனுடைய அக்கா மூன்று மாதப் பையனோடு இருந்தாள். பேக்கரியில் வேலை பார்த்ததால் எல்லோருக்கும் அவள் 'பன்னு'. அவளுக்குப் பால் தாராளம்.

என் தங்கைக்கு அப்படி இல்லை. குழந்தை கொஞ்சம் உறிஞ்சும், பிறகு வீறிடும். ஒருநாள் குளித்துவிட்டு வந்து பார்த்தால், அது பன்னு மடியில் உதட்டோரம் பாலோடு தூங்கிக்கொண்டிருந்தது.

"பசியில கத்துச்சு, எடுத்துக்கிட்டேன். ஏன்டி மூஞ்சி இப்படிப் போகுது?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

ஒன்றுமில்லையா? வயிறு பற்றி எரிந்தது. குழந்தை தன்னிடமே வயிறு நிறையக் குடிக்க வேண்டும் என்று மனசுக்குள் சபதம் போட்டாள். குழாயை மூடி வைத்தால் மாடித் தொட்டி நிறைகிற மாதிரி பாலும் நிறையும் என்பது அவள் கணக்கு. குழந்தை அழுதால் தோளில் போட்டு நடப்பாள், தட்டுவாள், விரலைச் சப்பக் கொடுப்பாள், பால் மட்டும் தொண்டை நனைகிற அளவுக்கு மேல் கொடுக்க மாட்டாள். முதலில் மார் கல்லாகக் கட்டியது. பிறகு நாளுக்கு நாள் தளர்ந்தது. குழந்தையின் அழுகையும் மெலிந்தது.

"அக்காகிட்டயாவது குடேன், பாவம்" என்றான் புருஷன்.

"அப்ப உங்க அக்காவையே அம்மான்னு கூப்பிடச் சொல்லுங்க!"



மாடியில் துணி உலர்த்தப் போன பன்னுதான் கண்டுபிடித்தாள். கொடி முழுக்க அவள் பையனின் ஈரத்துணிகள். தம்பி குழந்தையுடையது ஒன்றுகூட இல்லை. பக்கெட்டை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"புள்ள மூத்திரம் போகுதா இல்லையாடி? பால் குடுக்கறியா?"

"சேரட்டும்னு வெச்சிருக்கேன்" என்று சொல்லும்போதே தங்கைக்கு அழுகை வந்துவிட்டது.

"அடி பைத்தியமே! இது என்ன உண்டியலா, சேத்து வைக்க? புள்ள இழுக்க இழுக்கத்தான் ஊறும். என் புள்ள, அந்தத் தடியன், என்னை விடறதே இல்ல, அதான் எனக்கு இவ்வளவு. குடு இங்க. கொஞ்சம் தெம்பு வரட்டும், அப்புறம் உன்கிட்டயே இழுக்கும்."

கொடுப்பதற்குள் என் தங்கைக்கு உயிர் போய் வந்தது. குழந்தை மடக்மடக்கென்று விழுங்கியதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை, வேறு பக்கம் திரும்பவும் முடியவில்லை. அது விட்டதும் பிடுங்காத குறையாக வாங்கித் தன் மாரில் வைத்தாள். பிறகு அது சிணுங்கினாலே வைத்தாள், சிணுங்காவிட்டாலும் வைத்தாள். தையல் மிஷினுக்கு மூடி போட்டுவிட்டாள். பன்னுவைக் கூப்பிடுவது மெல்லக் குறைந்து, நின்றும் போனது.

ஒரு மத்தியானம் பால் பெருகிச் சட்டை நனைந்தது. மாற்றாமல் அப்படியே கீழ்வீட்டுக்குப் போய் நின்றாள்.

"சும்மாத்தான் வந்தேன் அண்ணி."

"தெரியுது, தெரியுது. போய்ச் சட்டையை மாத்து."

திரும்பும்போது பன்னுவுடைய பையனின் தொட்டிலை எட்டிப் பார்த்தாள். அவன் இன்னும் தன் பெண்ணைவிடக் கொழுகொழுவென்று இருந்ததில் அவளுக்கு வருத்தம்தான்.