தங்கைக்கு வைத்த சோறு

நாற்பதைத் தாண்டியதும் முழங்கால் வலிக்கு டாக்டரிடம் போனேன். சோற்றைக் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். முதலில் பதினைந்து ராத்தல் இறங்கியது. அப்புறம் சிராங்கூன் ரோடு மருந்துக்கடையில் இருந்த எடைமெஷினின் முள் மூன்று மாதமாக நூற்று அறுபதை விட்டு நகரவே இல்லை. சீனியில்லாத காப்பி குடித்த எரிச்சலில், மெஷின்தான் பழுது என்று கடைக்காரரோடு சண்டை போட்டேன்.

ஒரு மத்தியானம் என் கணவர் கேட்டார்: “உன் தங்கச்சிக்குப் படைக்கிற சோத்தையும் நீதானே சாப்பிடறே?”

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்திருந்த பஞ்ச காலத்தில், தங்கைக்கென்று அம்மா அவித்து வைத்த மரவள்ளிக் கிழங்கைப் பசி பொறுக்காமல் நான் எடுத்துத் தின்றிருக்கிறேன். ஒரு நாளா, இரண்டு நாளா? ஒன்பது வயதில் காய்ச்சல் கண்டு அவள் போய்விட்டாள். அமாவாசைக்குப் படைத்தால் போதும் என்பார்கள். எனக்குப் போதவில்லை. தினமும் அவளுக்கு ஒரு தட்டுச் சோறு வைப்பேன். படைத்ததைக் கொட்டக்கூடாதென்று நானே சாப்பிடுவேன். படையலை யாராவது சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்களா?

மறுநாளே படைப்பதை நிறுத்தினேன். அடுத்த மாதம் முள் நான்கு ராத்தல் இறங்கியது.

“மெஷின் சரியாயிடுச்சு லா, அக்கா!” என்று கடைக்காரர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலியான கிழங்குப் பாத்திரத்தைத் துழாவிய தங்கையின் குச்சி விரல்கள்தான் கண்முன் நின்றன. இளைத்தது நானில்லை. அவள்தான், மறுபடியும் என்னால்.