வேதக்கோயிலுக்குள் மிளகாய் வத்தல்

நான் வாக்கப்பட்டு வந்த புதிது, எழுபதுகளின் கடைசி. அந்த வருஷம் பருத்தி கையை விரித்துவிட்டது, மிளகாய் ஒன்றுதான் மிச்சம். பறித்துக் களத்தில் காயப்போட்டிருந்தோம். பாதி காய்ந்த நிலையில், பங்குனி மாதத்துச் சாயங்காலத்தில் போய் மழை பிடித்துக்கொண்டது. நனைந்தால் வத்தல் வெளுத்துவிடும். வெளுத்த வத்தலைக் கோவில்பட்டி கமிஷன் கடையில் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். அப்புறம் வருஷம் முழுக்க எதைச் சாப்பிட?

களத்தை ஒட்டியே வேதக்கோயில், கிறிஸ்தவர்களுடையது. ஓட்டுக் கட்டடம், கதவுக்குப் பூட்டுக் கிடையாது. எங்கள் கருப்பசாமியிடம் கொண்டுபோகலாம் என்றால் அவருக்கே கூரை இல்லை. அரிவாளோடு நனைந்துகொண்டு நின்றார்.

"ஏட்டி, அது அவிய கோயில்லா" என்று என் வீட்டுக்காரர் இழுத்தார். இவரைக் கேட்டுக்கொண்டு நின்றால் விளங்கினாற்போலத்தான். நான் முதல் சாக்கைத் தூக்கினேன்; மனுஷன் இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். பீடத்தடி வரைக்கும் பரப்பிவிட்டோம்.

அங்கே இருந்த சாமியார் போர்த்துக்கல்காரர், வயசானவர். அந்த வாரம் இத்தாலியிலிருந்து இன்னொரு சாமியார் விருந்தாளியாக வந்திருந்தார். ஒருவர் பாஷை மற்றவருக்குச் சரியாகப் புரியாது, பாதிப் பேச்சு கையாட்டல்தான். ஆனால் காலையில் கதவைத் திறந்ததும் இருவரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். ஒருவர் "ப்ரொஃபனார்" என்றார், மற்றவர் "ப்ரொஃபனாரே" என்றார். வால்தான் வேறு. பிறகு இருவரும் சேர்ந்து தும்மினார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது. மழை இன்னும் விடவில்லை. அள்ளிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? சும்மா நிற்கமாட்டாமல், அது என்ன சொல் என்று கேட்டுவைத்தேன்.

பெரியவர் புத்தகத் தமிழில் விளக்கினார். லத்தீனிலிருந்து இருவர் பாஷைக்கும் வந்த சொல்லாம். புனிதமானதைக் கெடுப்பது என்று அர்த்தமாம். "அதன் வேருக்குக் 'கோயிலுக்கு வெளியே' என்று பொருள், மகளே."

"வெளியதான் மழை பெய்யுதே, சாமி" என்றேன். "அங்கன எப்படிப் போட?"

பெரியவர் மழையைப் பார்த்தார், வத்தலைப் பார்த்தார். மழை விடுகிறவரை பூசை தன் வீட்டு வராந்தாவில் என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

விருந்தாளிக்கு என்ன புரிந்ததோ, அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, குவிந்து கிடந்ததைக் கையால் கலைத்துப் பரப்பினார். அதே கையால் கண்ணைத் தேய்த்தார். அப்போது அவர் ஒரு சொல் சொன்னார். அதுவும் ரெண்டு பாஷைக்கும் பொது போலிருக்கிறது, பெரியவர் முகம் வத்தலாகச் சிவந்துவிட்டது. அதற்கு மட்டும் அவர் எனக்குக் கடைசிவரை பொருள் சொல்லவில்லை.