கோலுக்குப் பின்னால் நின்றவன்

எங்கள் பழைய எஸ்டேட் ஆட்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. எஸ்டேட் கைமாறி, பாதி தங்கும் விடுதியாகிவிட்டது. ஃபுட்பால் டீம் போய்விட்டது, மைதானத்தில் சுற்றுலாக் கார்கள் நிற்கின்றன. குழு மட்டும் காலை ஐந்து மணிக்கே முழித்துக்கொள்கிறது. ஒருவர் மூடிப்போன பேக்கரியின் வர்க்கியைப் பற்றி எழுதுவார், உடனே நாற்பது பேருக்கு நாக்கில் எச்சில் ஊறும். பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருவாரே, அந்தக் கடை போச்சே என்று இன்னொருவர் புலம்புவார். கடை இருந்த காலத்தில், கடைசிப் பாட்டைப் பாதியில் வெட்டிவிட்டான் என்று அந்த மனுஷனோடு சண்டைக்குப் போனவர் இவர்தான். எனக்குத் தெரியாதா என்ன!

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே படிப்பேன். குன்னூரில் இருந்த தகரக் கூரைத் தியேட்டரின் போட்டோ வந்தால் மட்டும் எனக்குச் சிரிப்பு வராது. போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். ஏன் என்று என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

போன மாதம் குழுவில் ஒரு அறிவிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, குன்னூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், டீமைச் சேர்ந்தவர்கள் எல்லோரும் கூடுகிறோம். கூடவே அமைப்பாளர் எனக்குத் தனியாகப் போன் பண்ணினார். டீமில் பின்கள ஆட்டக்காரராக இருந்தவர், என்னைவிட நான்கு வயது சின்னவர்.

"அண்ணா, ரெண்டு சர்ப்ரைஸ் வெச்சிருக்கோமுங்க. உங்களுக்கு ஒரு பொன்னாடை, நேர்மைக்கு. அப்பறம் நம்ம கோல்கீப்பருக்கு ஒரு சல்லடை! டீ ஃபேக்டரியில இருந்த பழைய சல்லடைய பாலிஷ் போட்டு, பேரெல்லாம் எழுதி வெச்சிருக்கேன். முப்பத்தஞ்சு வருஷங் கழிச்சு மனுஷன் சம்சாரத்தோட வர்றாருங்க. மண்டபமே சிரிச்சு உருளப்போகுது பாருங்க."

போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். அந்தப் பொன்னாடையும் அந்தச் சல்லடையும் ஒரே கோலுக்காக. அந்தக் கோல் கோலே இல்லை. அது தெரிந்த ஒரே ஆள் நான்.

எங்கள் மலையில் ஆட்டம் நடுவில் இருக்கும்போதே மிஸ்ட் இறங்கிவிடும். பனிமூட்டத்தை எஸ்டேட்டில் அப்படித்தான் சொல்வோம். நடு மைதானத்தில் நிற்கும் ரெஃப்ரிக்குக் கோல் போஸ்ட் தெரியாது. அதற்காக ஆட்டத்தை நிறுத்தினால் வருஷத்தில் பாதி நாள் ஆட்டம் இருக்காது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஒவ்வொரு கோலுக்கும் பின்னால் ஒரு ஆள் வெள்ளைத் துண்டோடு நிற்க வேண்டும். பந்து உள்ளே போனால் துண்டைத் தூக்கிக் கோல் என்று கத்த வேண்டும். அங்கே நிற்கிறவன் அந்தக் கோலைக் காக்கிற டீமின் ஆளாகவே இருக்க வேண்டும். எதிர் டீம் ஆள் நின்றால் பொய் சொல்லுவான் என்று சண்டை வரும். தன் டீமுக்கு எதிராகத் தானே துண்டைத் தூக்குகிறவன் பொய் சொல்ல மாட்டான் அல்லவா? அவன் தூக்கிவிட்டால் பேச்சே கிடையாது. ரெஃப்ரியும் கேட்க மாட்டார், கேப்டனும் கேட்க மாட்டார்.

எங்கள் டீமுக்குத் துண்டு பிடித்தவன் நான். எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். ஆடத் தெரியாது, ஆனால் டீமை விட்டு விலகவும் மனசு வராது. வலையைக் கட்டுவது, கிழிந்தால் தைப்பது, அவிழ்த்து ஸ்டோரில் வைப்பது எல்லாம் என் வேலை. எங்கள் கோல்கீப்பர் ஃபேக்டரியில் ஃபிட்டர். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே லைன் வீட்டில் இருந்தோம். என்னை அவன் மாப்ள என்றுதான் கூப்பிடுவான். பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

ஃபைனலுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, கேப்டன் என்னிடம் நைலான் கயிற்றைக் கொடுத்து, "சைடு வலை கிழிஞ்சிருக்கு, இன்னைக்கே தெச்சுரு" என்றார். அன்றைக்குத்தான் அந்தத் தகரக் கூரைத் தியேட்டரில் ஒரு படத்துக்குக் கடைசி நாள். நான் மத்தியான ஆட்டத்துக்குப் போய்விட்டேன். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காலையில் அவசரத்தில் நைலான் கயிற்றை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. டீத்தூள் மூட்டை தைக்கிற சணல் கையில் கிடைத்தது. அதை வைத்து நாலு முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

தேவாலாப் பக்கத்து டீமோடு ஆட்டம். முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது மிஸ்ட் இறங்கியது. இரண்டு டீமும் கோல் போடவில்லை. எனக்கு என் கோல்கீப்பரின் முதுகு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. எங்கேயோ கால் சத்தம், ஒரு உதை. அவன் இடது பக்கம் பாய்ந்தான். அடுத்த நொடி பந்து என் மூஞ்சிக்கு நேராக வலைக்குள் கிடந்தது. நான் துண்டைத் தூக்கினேன். கோல் என்று கத்தினேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் செய்ததில்லை, அதை மட்டும் நம்புங்கள்.

"மாப்ள, என்ற கையில படவே இல்லடா! வெளிய போச்சுடா!" என்று அவன் அலறினான். யார் கேட்பார்கள்? அவனுடைய ஆளே துண்டைத் தூக்கிவிட்டானே. தோற்றோம். தேவாலா கேப்டன் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து, இப்படி ஒரு நேர்மையான மனுஷனைப் பார்த்ததில்லை என்றார். எங்கள் மேனேஜர்கூட என் தோளைத் தட்டினார். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு வலையை அவிழ்க்கப் போனேன். மிஸ்ட் விலகியிருந்தது. இடது பக்கம் சணல் அறுந்து, ஒரு பூசணிக்காய் நுழைகிற அளவுக்கு ஓட்டை. பந்து போஸ்ட்டுக்கு வெளியே போய், அந்த ஓட்டை வழியாக உள்ளே வந்திருக்கிறது. அவன் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வலையை ஏன் தைக்கவில்லை என்று கேட்பார்கள். தோளில் விழுந்த தட்டு இன்னும் சூடாக இருந்தது. வலையைச் சுருட்டி ஸ்டோரில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாளே அவனுக்குச் சல்லடை என்று பேர் வந்துவிட்டது. கேண்டீனில் டீ கொடுத்தால்கூட, "பாத்துப் புடி, நழுவிரும்" என்பார்கள். நானும் சிரித்தேன். ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான், பிறகு வேலையை விட்டுவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் போனான். அதனால்தான் போனான் என்று சத்தியம் பண்ண மாட்டேன். அதனால் இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. நல்ல கோல்கீப்பர் அமையாமல் டீமும் இரண்டு சீசனில் படுத்துவிட்டது.

இந்த ஞாயிறை விட்டால் செத்தாலும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. சனிக்கிழமை அவனுக்குப் போன் போட்டு, வரும் வழியில் பர்லியாரில் பத்து நிமிஷம் நிற்கச் சொன்னேன். "சரிங்க சார்" என்றான். சார்! அது ஒன்று போதாதா எனக்கு.

காலையில் முதல் பஸ் பிடித்துப் பர்லியாருக்கு இறங்கினேன். பழக்கடை ஓரமாக நின்று வருகிற காரையெல்லாம் எட்டிப் பார்த்தேன். வாடகைக் கார் ஒன்றிலிருந்து அவனும் அவன் மனைவியும் இறங்கினார்கள். தலை முழுக்க நரைத்திருந்தது. கைகள் மட்டும் அதே பெரிய கைகள். அந்த அம்மா மங்குஸ்தான் பழங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. சினிமா, சணல், ஓட்டை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். சல்லடைப் பரிசு காத்திருக்கிறது என்பதையும் சொன்னேன். கத்துவான், அடிப்பான் என்று தயாராக நின்றேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"எதுக்குங்க சார் இப்படியெல்லாம்? எனக்காகப் பொய் சொல்லாதீங்க. பந்து கையில பட்டுதுங்க. ஈரப் பந்து. ரெண்டு கைக்கும் நடுவுல வழுக்கிப் போனது இன்னுங்கூட இங்க தெரியுது." உள்ளங்கைகளை விரித்துக் காட்டினான்.

"படல. நீதான அன்னைக்குப் படலன்னு கத்துன!"

"அது சும்மா, அவமானத்துல கத்தியிருப்பனுங்க."

முப்பத்தைந்து வருஷம் ஊரே சொன்னதில், நடக்காத ஒன்று அவன் கையில் நிஜமாகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்போதுதான் அவன் மனைவி பழத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஏனுங்க, கல்யாணமான புதுசுல தூக்கத்துல ஒளறுவீங்களே, படல படலன்னு. என்ன படலன்னு கேட்டா ஒண்ணுமில்லம்பீங்க. நாலஞ்சு வருசங் கழிச்சுத்தான வழுக்கிருச்சு வழுக்கிருச்சுன்னு ஆரம்பிச்சீங்க?"

அவன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றான். டிரைவர் ஹாரன் அடித்த பிறகுதான் காரில் ஏறினோம். குன்னூர் நெருங்கும்போது அவன் முன் சீட்டிலிருந்து, திரும்பாமலே கேட்டான்.

"படம் நல்லா இருந்துதுங்களா?"

"செம மழை. தகரக் கூரையில ஒரு வசனங்கூடக் கேக்கல" என்றேன். அதுதான் உண்மை. அதற்குமேல் என்ன சொல்ல?

மண்டபத்தில் ஒரே இரைச்சல். பழைய போட்டோக்களைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். தியேட்டரும் இருந்தது. அமைப்பாளர் மைக்கில் என் பெயரைச் சொல்லிப் பொன்னாடையை விரித்தார். நான் மைக்கைப் பிடுங்கி எல்லாவற்றையும் சொன்னேன். குரல் கிறீச்சிட்டது. அப்புறம் அமைப்பாளர் மைக்கை வாங்கி, "பாருங்க, நண்பனுக்காகப் பழியத் தன் மேல போட்டுக்கறாரு! என்ன பெரிய மனசுங்க!" என்றார். மண்டபமே கை தட்டியது.

"பெரிய மனசும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! வலைய நான் தெக்கலடா! சொல்றது காதுல விழுதா?" என்று கத்தினேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் எழுந்து மேடைக்கு வந்தான். கைதட்டல் நின்றது. மேஜையில் பளபளவென்றிருந்த சல்லடையை இரண்டு கையாலும் இறுக்கமாகப் பிடித்து எடுத்தான். அதில் அவன் பெயர் எழுதியிருந்தது. அதைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான்.

"இத நீ வெச்சுக்க மாப்ள. இது உன்னுது."

வாங்கிக்கொண்டேன்.