பெரியம்மாவுக்கு ஐந்து நிமிடம்

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, மகளிர் தின ஊர்வலத்துக்கான ஆயத்தக் கூட்டத்துக்குப் பெரியம்மா என்னையும் அழைத்துப் போனார். நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறியிருந்த ஸ்காபரோவில் ஒரு நூலக மண்டபம். கூட்டத்தை நடத்தியது அவருடைய மகள். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சுவரில் 'எல்லாப் பெண்களுக்கும் இடமுண்டு' என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஊர்வல நாள் மேடையில் பேசுவோர் பட்டியலில் முப்பது வயதைத் தாண்டிய ஒருவரும் இல்லை. தாண்டியவர்களுக்கு ரோல்ஸ் பொரிக்கும் பொறுப்பு ஒதுக்கப்பட்டிருந்தது.

பெரியம்மா எழுந்தார். "பிள்ளையள், எனக்கும் அஞ்சு நிமிசம் தாங்கோ."

அக்கா சங்கடத்துடன் சிரித்தாள். "அம்மா, இது யூத்துக்கான மேடை. நீங்கள் சாப்பாட்டைப் பாருங்கோ. உங்களுக்கு இங்கிலிஷும் வராதே."

"நான் பொரிக்க வரேல்லை, கதைக்க வந்தனான். இங்கிலிஷுக்கு இவள் இருக்கிறாள்." என்னைப் பிடித்து முன்னே தள்ளினார்.

அவர் சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். மிசிசாகாவில் விமானங்களுக்கு உணவு பொதி செய்யும் தொழிற்சாலை. எட்டு மணி நேரமும் நின்றபடி வேலை. வயதான பெண்கள் உட்காரக் கதிரை கேட்டபோது, முடியாவிட்டால் வீட்டில் இருங்கள் என்றானாம் மேற்பார்வையாளன். மறுநாள் பெரியம்மாவும் ஏழு பெண்களும் உணவுப் பொதிகளோடு ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் கதிரைகள் வந்தன.

"இப்ப இருபது வயசுப் பிள்ளையளும் அதிலைதான் இருக்கினம்" என்று முடித்தார்.

பச்சைத் தலைமயிர்ப் பெண் ஒருத்தி எழுந்து கைதட்டினாள். பிறகு மண்டபமே எழுந்தது. அக்கா மட்டும் கைதட்டவில்லை. கண்கள் கலங்க, பட்டியலில் தன் பெயரை வெட்டிவிட்டுத் தாயின் பெயரை எழுதினாள். பெரியம்மா பேனையை வாங்கி, அதன் கீழே மகளின் பெயரைத் திரும்பவும் எழுதினார்.

"ரெண்டு பேரும் கதைப்பம்."

ஊர்வல நாளில் பனி தூறிக்கொண்டிருந்தது. நகர மத்தியில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை பெண்கள். பெரியம்மா ஒலிவாங்கியில் முழங்க, நானும் என் கீச்சுக்குரலில் அதை ஆங்கிலத்தில் முழங்கினேன். கதையில் கதிரைகள் வந்துசேர்ந்த கட்டத்தில் கூட்டம் போட்ட ஆரவாரத்தில் என் காது அடைத்துக்கொண்டது. அக்கா தாயின் கையைப் பிடித்து வானத்துக்கு உயர்த்தினாள்.

அன்று மண்டபத்தில் அக்காவை அழவைத்தது என் ஆங்கிலம்தான் என்று நெடுங்காலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அக்காவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். என் மொழிபெயர்ப்பு அவளுக்குத் தேவைப்படவே இல்லை. ஒரே வீட்டில் இருந்தும், தாயின் அந்தக் கதையை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.