ஆணியில் தொங்கிய வருஷம்

எனக்குப் பத்து வயது நடந்த வருஷம் முழுக்க நான் ஊர் ஊராக ஆணியில் தொங்கினேன். சிவகாசியில் மட்டுமில்லை; விருதுநகர், சாத்தூர், அந்தப் பக்கம் கோவில்பட்டி வரைக்கும் ரேஷன் கடைக்குப் போய்வந்த வீடுகளில் எல்லாம் தொங்கினேன். இரட்டைச் சடை, வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, காதில் தொலைபேசி, முகம் கொள்ளாத சிரிப்பு. தலைக்கு மேலே கொட்டை எழுத்தில், "நான் சொல்லிவிட்டேன். நீங்கள்?" பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, காலண்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. இப்போது நினைத்தால் காதெல்லாம் சூடாகிறது. இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அடுத்தவர் மனசுக்குள் ஓடுவதைக் கேட்கக்கூடிய ஆட்கள் அங்கொருவரும் இங்கொருவருமாக இருப்பது எல்லாருக்கும் தெரியவந்திருந்த காலம் அது. அவர்களுக்கு அகச்செவியர் என்று அழகாக ஒரு பெயர் வைத்து, அவர்கள் நலனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆணையத்தையும் மேலே இருப்பவர்கள் ஏற்படுத்தியிருந்தார்கள். அந்த ஆணையத்தின் ஆபீஸ் எங்கே இருக்கிறது, அதில் யார் வேலை பார்க்கிறார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியாது. விளம்பரம் மட்டும் திரும்பின பக்கமெல்லாம் இருக்கும். மலைமேல் ஒரு வளாகம், நீச்சல் குளம், ரோஜாத் தோட்டம், அதில் வெள்ளை உடுப்பில் சிரித்தபடி நடக்கும் அகச்செவியர்கள். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் ஒரு போன் போட்டால் போதும், மரியாதையாக வந்து அழைத்துக்கொண்டு போவார்கள்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்த அக்காவை அப்படித்தான் அழைத்துப் போனார்கள். மருந்து கலக்கிற அறையில் ஒருவர் மருந்தைக் கை தவறவிட்டுப் பயந்துபோன அந்த நொடியில், அவர் வாய் திறப்பதற்கு முன்னாலேயே இந்த அக்கா தன் அறையில் இருந்த எல்லாரையும் வெளியே விரட்டியடித்து ஓடவைத்துவிட்டாள். வெடித்ததில் அந்த மனுஷரும் சின்னக் காயத்தோடு தப்பித்துக்கொண்டார். இத்தனை உயிரைக் காப்பாற்றியவள் சௌகரியமாக இருக்கட்டும் என்று, நன்றி பொங்கிப்போன யாரோ ஒருவர் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு கடிதம் அவள் வீட்டுக்கு வரும். அச்சடித்த கடிதம், கீழே அவள் பெயர் மட்டும் பேனாவில் எழுதியிருக்கும். கூடவே நீச்சல் குளத்தின் படம் ஒன்று வரும். அவளுடைய அம்மா அதை எல்லாருக்கும் காட்டிக் காட்டி அழுவாள் என்று கேள்விப்பட்டு, சந்தோஷத்தில் அழுகிறாள் என்றே நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு ஆள் இருந்தாள். அப்பாவின் தங்கை, என் அத்தை. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுகொண்டே மனசுக்குள் நினைத்ததை எல்லாம் கேட்டுவிட்டு ஒருத்தி எப்படிச் சரியென்று தலையாட்டுவாள்? ஒரே அறைக்குள் இருந்தால்தான் அவளுக்குக் கேட்கும், தாயில்பட்டி அக்காவுக்குப் போலச் சுவர் தாண்டிக் கேட்காது. எங்கள் அச்சகத்தில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து எழுத்துக் கோர்ப்பது அவள் வேலை. எனக்குப் பசித்தால் நான் வாய் திறப்பதற்குள் தட்டு வந்துவிடும், கணக்குப் பரீட்சையில் தோற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தால் மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொள்வாள். இதை வெளியே சொல்லக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். ஏன் சொல்லக்கூடாது என்று மட்டும் சொல்லவில்லை, தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரிகளை வைத்துப் புது ஆல்பம் போட்டு, காலண்டர் சீசன் சூடுபிடித்திருந்தபோது மெட்ராஸிலிருந்து ஆணையத்து சார் வந்தார். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தாமல் பேசுவார். ரேஷன் கடையில் வீட்டுக்கு ஒன்றாக இலவசமாகக் கொடுப்பதற்குத் தினசரி காலண்டர் வேண்டும் என்றார். அப்பாவால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. மாட்டேன் என்றால் ஏன் மாட்டேன் என்று கேட்பார்கள், அதற்கு என்ன பதில் சொல்வது? அந்த சார் வருகிறார் என்று தெரிந்தாலே அப்பா அத்தையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு அச்சகத்துக்குள் நுழைந்தபோது சார் என்னைப் பார்த்துவிட்டு, "அட்டையில போட இந்தப் பிள்ளை முகமே போதுமே" என்றார். அப்பாவின் முகம் போன போக்கை, எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டத்தில் திகைத்துப்போனதாக எடுத்துக்கொண்டேன்.

படம் எடுத்த அன்று காலையில் அத்தைதான் எனக்குத் தலைவாரினாள். வகிட்டை மூன்று தடவை எடுத்தாள், மூன்று தடவையும் கலைத்தாள். நான் மனசுக்குள் நீச்சல் குளத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

அட்டைக்குக் கீழே தைக்கிற தேதித்தாள்களில் போடுவதற்கு ஆணையம் ஒரு கற்றை வாசகங்களைக் கொடுத்திருந்தது. "கேட்காமலே பதில் சொல்பவர் உங்கள் வீட்டில் உண்டா? இன்றே அழையுங்கள்." "மறைப்பது அன்பல்ல." இப்படி. வருஷம் முழுக்கப் பரவலாக வரவேண்டும், எந்தத் தேதியில் எது என்பதை நீங்களே பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. முகூர்த்த நாள் தாளில் மனசைச் சுருக்குகிற வார்த்தை வரக்கூடாது. அந்தத் தாளைப் பார்த்துத்தான் ஒருத்தர் பெண் கேட்டுப் போவார், இன்னொருத்தர் கடை திறப்பார். அத்தை அந்த வழக்கப்படியே செய்தாள். ஆனால் கொஞ்சம் அதிகமாகவே செய்தாள். ஆணையத்தின் வாசகங்களில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் கரிநாளிலும் அஷ்டமி நவமியிலும் போய் உட்கார்ந்தன.

"இன்றே அழையுங்கள்" என்று தாள் சொல்லும், அதற்குமேலேயே கரிநாள் என்று சிவப்பில் இருக்கும். எங்கள் பக்கத்து ஜனங்கள் கரிநாளில் துடைப்பம்கூடப் புதிதாக வாங்கமாட்டார்கள், ஆணையத்துக்குப் போன் போட்டு ஒரு காரியத்தை ஆரம்பிப்பார்களா? நாளைக்குப் பார்த்துக்கலாம் என்பார்கள். நாளைக்கு அந்தத் தாளைக் கிழித்துப் பிள்ளைக்கு மூக்குத் துடைத்திருப்பார்கள். அப்பா புரூப்பைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், புரூப்பை எடுத்துக்கொண்டு சார் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போனார். சார் ஒவ்வொரு தாளாகப் புரட்டி, எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். மெட்ராஸ்காரருக்குப் பஞ்சாங்கம் எங்கே தெரியப்போகிறது என்று வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியாது, நானும் சிரித்துவைத்தேன்.

புது வருஷம் வந்தது, நான் தொங்க ஆரம்பித்தேன். தினமும் என் முகத்தையே பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு உறுத்தல் வந்துவிட்டது. "நான் சொல்லிவிட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், உண்மையில் யாரைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லையே. அத்தை பாவம், காலையிலிருந்து சாயங்காலம் வரை கம்ப்யூட்டரைப் பார்த்துக் கண்ணைக் கசக்குகிறாள். அவளுக்கு ரோஜாத் தோட்டத்தில் நடக்கிற யோகம் வேண்டாமா? சத்தியத்தை மீறுவது பாவம்தான், ஆனால் நல்லதுக்கு மீறினால் சாமி ஒன்றும் சொல்லாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

காலண்டர் வீட்டுப் பிள்ளை இல்லையா, கண்ட நாளில் செய்துவிடவில்லை. தாள்களைப் புரட்டி, வளர்பிறையில் ஒரு முகூர்த்த நாளாகப் பார்த்தேன். அது சனிக்கிழமை, நல்ல நேரம் பத்தரையிலிருந்து பதினொன்றரை. அப்பா மிஷின் ரூமில் இருந்தார். ஆபீஸ் அறையில் யாருமில்லை. அட்டையில் என் மோவாய்க்குக் கீழே இருந்த நம்பரைப் பார்த்துச் சுழற்ற ஆரம்பித்தபோது, கதவைத் திறந்துகொண்டு அத்தை உள்ளே வந்தாள். வந்தவள் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

அவளுக்கு எல்லாம் கேட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆச்சரியப்படுத்த நினைத்தது கெட்டுப்போச்சே என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவள் போனைப் பறிக்கவில்லை, சத்தம் போடவில்லை. பக்கத்தில் இருந்த காகிதக் கட்டின்மேல் மெதுவாக உட்கார்ந்தாள்.

"நல்ல நேரம் பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன் அத்தை. பதினொன்றரை வரைக்கும் இருக்கு."

"அப்ப பேசு. நான் இங்கனதான் இருக்கேன்." என் இடதுகையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

பின்னாளில் இதைப் பற்றி ஒருதடவை கேட்டேன். "பறிச்சிருந்தா நீ அடுத்த வீட்டுல போயி பேசியிருப்ப, உன்னைய எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தாள். அப்புறம், "அம்புட்டுப் பாசமா என்னைய யாரும் நினைச்சதில்ல புள்ள, அதக் கேட்டுக்கிட்டே இருந்துட்டேன்" என்றாள். எனக்கு அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை, எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மிச்ச நம்பரையும் சுழற்றியதும் அந்தப் பக்கம் ஒரு பெண் பேசினாள். குரலில் தேன் ஒழுகியது. யாரைப் பற்றிச் சொல்லவேண்டும் கண்ணு என்றாள். எனக்கு அந்த நேரத்தில் ஒரு சந்தேகம் வந்தது. வளாகம் மலைமேல் இருக்கிறது, எந்த பஸ் போகும்?

"எங்க அத்தை அங்க வந்தா, ஞாயித்துக்கிழமை நான் பாக்க வரலாமா?"

"அத்தை பேரும் அட்ரஸும் சொல்லு கண்ணு."

"மொதல்ல நீங்க சொல்லுங்க. பாக்க வரலாமா?"

அவள் பேரைக் கேட்டாள், நான் பஸ்ஸைக் கேட்டேன். இப்படியே மூன்று நான்கு சுற்றுப் போனது. கடைசியில் தேன் வற்றிப்போய், "பார்வையாளருக்கு அனுமதி கிடையாது" என்றாள். தீபாவளிக்குமா என்றேன். எப்போதும் கிடையாது என்றாள். நான் போனை டொக்கென்று வைத்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பார்க்க விடமாட்டார்கள் என்றால் அது என்ன நீச்சல் குளம்? அத்தை என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, "அழாத, நல்ல கேள்விதான் கேட்டிருக்க" என்றாள்.

ஆணையத்து நம்பருக்குப் போகிற போனெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று அங்கே பதிவாகும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. மூன்றாம் நாள் சாயங்காலம் சார், முன்கூட்டித் தகவல் சொல்லாமல், நேரே வீட்டுக்கே வந்து நின்றார். அத்தையை அனுப்ப அவகாசம் இல்லை. அப்பா, "வாங்க சார், உக்காருங்க, சாப்பிட்டீகளா?" என்று ஒரே மூச்சில் உபசரித்தார். அம்மா முறுக்கோடு கொண்டுவந்த காப்பி பாதி சாஸரில் இருந்தது.

சார் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "அன்னைக்கு யாரைப் பத்திச் சொல்லணும்னு போன் பண்ணுன?" என்றார்.

"எங்க அத்தையப் பத்தி" என்றேன். எனக்குப் பயமெல்லாம் இல்லை, கோபம்தான். "பாக்கவே விடமாட்டீங்களாமே. அப்ப எங்க அத்தை வரமாட்டாக. ஊரெல்லாம் இருக்குற என் படத்தையும் எடுத்துருங்க."

அடுப்படி வாசலில் நின்ற அத்தை தானாகவே கூடத்துக்கு வந்து, சாருக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சார் அப்பாவைப் பார்த்து, இந்த வருஷத்துத் தேதித்தாள் கட்டு ஒன்றை அச்சகத்திலிருந்து எடுத்துவர முடியுமா என்று கேட்டார். அப்பா ஓடினார். அம்மா காப்பியை மாற்றிக் கொண்டுவர உள்ளே போனாள்.

அதன்பிறகு அங்கே நடந்தது ஒன்றுமில்லை. அதாவது நான் பார்த்த மட்டில் ஒன்றுமில்லை. சார் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார், அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடிகாரத்தின் பெரிய முள் கால்வட்டம் நகர்ந்தது. நடுவில் ஒருதடவை அத்தை நிமிர்ந்து, வாய்விட்டு, "எத்தனாங் கிளாஸ்?" என்றாள். சார் பதில் சொல்லவில்லை, ஆனால் அத்தை தலையாட்டிக்கொண்டாள். சார் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டு, மறுபடி கழற்றினார்.

அப்பா மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் சார் எழுந்துகொண்டார். படத்தில் இருக்கிற பிள்ளை விளையாட்டாகப் போன் பண்ணிவிட்டது என்று எழுதிக்கொள்வதாகச் சொன்னார். அடுத்த வருஷ ஆர்டரும் உங்களுக்குத்தான் என்றார். அப்பா நீட்டிய கட்டைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்து, "தாளெல்லாம் இதே மாதிரியே போட்டுருங்க, எதையும் மாத்த வேண்டாம்" என்றார். படியிறங்கும்போது அத்தையைப் பார்த்துக் கைகுவித்தார். ஓர் அதிகாரி எங்கள் வீட்டுப் பெண்ணைக் கும்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவர் மெட்ராஸ்காரரே இல்லை, எங்கள் பக்கத்து ஆலங்குளத்தில் பிறந்து வளர்ந்தவர், கரிநாளில் வீட்டை விட்டு வெளியே காலெடுத்து வைக்காத அம்மாவின் மகன் என்பதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. இன்றைக்கு ஆணையமும் இல்லை, மலைமேல் வளாகத்துக் கதவுகளைத் திறந்துவிட்டாயிற்று, தாயில்பட்டி அக்கா தன் அம்மாவோடு இருக்கிறாள். அந்த சாருடைய மகள் இப்போது காலேஜில் படிக்கிறாள், எங்கள் அத்தைக்கு மாதம் ஒருமுறை போன் பேசுகிறாள். அன்றைக்கு அவள் இரண்டாம் வகுப்பு. அவளுக்கும் கேட்கும் என்பதை அந்த மனிதர் தன் மனைவியிடம்கூட வாய்விட்டுச் சொல்ல அஞ்சி, இரண்டு வருஷமாகச் சுமந்துகொண்டு திரிந்து, கடைசியில் வாயே திறக்காமல் எங்கள் கூடத்தில் இறக்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

எனக்கு அதெல்லாம் அப்போது என்ன தெரியும்? இரண்டு பெரிய ஆட்கள் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசத் தெரியாமல் இப்படி முழிக்கிறார்களே, எவ்வளவு அலுப்பான மனுஷர்கள் என்று நினைத்தபடி, அவர் தொடாமல் வைத்திருந்த முறுக்கை எல்லாம் நான் எடுத்துத் தின்றுகொண்டிருந்தேன்.